இறக்கி வைக்காத காற்று

ஆற்றுத் தண்ணீர் ஒரு நாள் பச்சையாகவும் மறுநாள் ஊதாவாகவும் ஓடி, அதைப் பார்த்தே எந்தக் கலர் லுங்கிக்கு ஆர்டர் வந்திருக்கிறது என்று கரையில் நிற்கிறவர்கள் சொல்லிவிடுகிற காலத்தில், சாயப்பாளையத்தில் சாந்தாமணி என்றொருத்தி இருந்தாள். அவள் கைகளுக்கு நடுவில் நின்ற காற்றுப் பந்தைப் பற்றிக் கேட்டால் அந்த ஊர்க்காரர்கள் இன்றைக்கும் ஆச்சரியப்பட மாட்டார்கள். ஆற்றைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்வார்கள். வேண்டுமானால் கோபப்படுவார்கள், அந்தக் கோபத்தைச் சாந்தாமணியின் மேல் கொட்டுவார்கள். யார் யார்மேல் கோபப்பட வேண்டுமென்று நீங்களே கேட்டு முடிவு பண்ணிக்கொள்ளுங்கள், எனக்கு அதில் சந்தேகமே கிடையாது.

ரொம்ப வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கி, ஊராரின் ஜாடைப் பேச்சையெல்லாம் காதில் வாங்கி, கடைசியில் அவள் ஒரு பெண்பிள்ளையைப் பெற்றாள். பெற்ற கையோடு வீட்டுக்குக் கூட்டிவந்து, பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீர் ஆகாது, வயிறு ஊதிப்போகும் என்று சொம்பை எடுத்து மறைத்துவைத்தார்கள். அந்த ஊரில் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் செய்கிறதுதான். சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக்குள்ளே படுத்துக்கொண்டு அவள் தண்ணீர் தண்ணீர் என்று கேட்டாள், நாக்கை நனைக்க ஒரு மடக்குக் கொடுத்தார்கள். தலை வலிக்கிறது என்றாள், நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைத்துத் தொட்டிலில் போடுகிற அன்றைக்கு, கௌசிகா என்று காதில் சொல்லி முடித்துத் தாயிடம் நீட்டியபோது, சாந்தாமணியின் வலது கை எழுந்தது, இடது கை எழவில்லை. நல்லவேளை, குழந்தையைத் தங்கச்சி பூங்கோதை பிடித்துக்கொண்டாள். பெரிய டாக்டர் வந்து, மூளையில் ரத்தம் உறைந்து கிடக்கிறது, தண்ணீர் கொடுத்திருந்தால் ஒருவேளை இது வந்தே இருக்காது என்று கத்தினார். எல்லோரும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு, அடுத்த வீட்டில் அடுத்த மாதம் பெற்றவளுக்கும் சொம்பை மறைத்தார்கள்.

பிடித்த குழந்தை பூங்கோதையிடமே தங்கிவிட்டது. அவளுக்கும் பால் குடிக்கிற பையன் ஒருவன் இருந்தான், ஒரு மடியில் அவன், ஒரு மடியில் இது. பக்கத்துச் சந்துதான் வீடு. குழந்தை அழுகிற சத்தம் கேட்டால் சாந்தாமணிக்கு ரவிக்கை நனைந்துபோகும். இரண்டு கையாலும் என் பிள்ளையை ஒருதரம் அள்ளி நெஞ்சோடு வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு கை இருந்தாலும் சரி, போனாலும் சரி என்று அவள் கேட்காத சாமி இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றே ஒன்றுதான், வேறெதையும் அவள் கேட்டதாக யாரும் சொல்ல முடியாது.

விசைத்தறிக்காரர் சங்கம் நடத்திய இலவச ஆஸ்பத்திரியின் பின்னால், பழைய நூல் குடோனில், ஜெபஸ்டின் என்று நாகர்கோவில் பக்கத்து ஆள் ஒருவர் பிசியோதெரபி பார்த்தார். சிங்கப்பூரில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது, பக்கவாதம் வந்த சீனத்துப் பெரியவர்கள் விடிகாலையில் பூங்காவில் கூடித் தாய்ச்சி என்றும் சீகோங் என்றும் கையைக் காலை மெதுவாக அசைத்துத் தேறிவந்ததைப் பார்த்து, தானும் கற்றுக்கொண்டு வந்தவர். கட்டிலில் போட்டுக் கையை முறுக்குவதற்குப் பதில், எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்து, நிற்க முடியாதவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூச்சோடு சேர்த்து அசைக்கச் சொல்வார். ஊர் அதற்கு மெதுவாட்டம் என்று பெயர் வைத்துச் சிரித்தது. தறியில் பறக்கிற நாடாக்கட்டை அடித்துத் தோள்பட்டை போனவன், சாயத் தொட்டியில் வழுக்கி இடுப்பு ஒடிந்தவள், வாய் கோணினவர் என்று எல்லோரும் கோழி பிடிக்கிற மாதிரி நின்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்.

“ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு பந்து இருக்கதா நெனைங்க” என்பார் ஜெபஸ்டின். “வலது கை மேல, இடது கை கீழ. அந்தக் கையையும் தூக்குங்க.” சாந்தாமணியிடம் வந்து, “பந்துன்னு நெனைக்காண்டாம் அக்கா. பிள்ளைய ஏந்துறதா நெனைங்க” என்பார். அவள் நினைத்தாள். ஏந்தினாள். “அந்தக் கையையும் தூக்குங்க அக்கா.” தூக்கினாள், எழாது. மறுநாளும் தூக்கினாள். ஒவ்வொரு நாளும் கடைசியில் உள்ளங்கைகளைக் கீழே திருப்பி, மூச்சை விட்டுக்கொண்டே, தொப்புள்வரை மெதுவாக இறக்க வேண்டும். அதற்கு முடிப்பு என்று பெயர். “எடுத்தத எடுத்த எடத்துல வெச்சுட்டுத்தான் வீட்டுக்குப் போணும். முடிப்பு பண்ணாம யாரும் நகரப்பிடாது” என்பதில் மட்டும் அந்த மனுஷர் கெடுபிடியாக இருந்தார். மழை முடிந்து பனி வந்தபோது அவளுடைய சுண்டுவிரல் அசைந்தது. பனி முடிந்து வெயில் வந்தபோது கை மடிவரை எழுந்தது. “இன்னுங் கொஞ்சந்தானுங் சார்” என்பாள். “கொஞ்சந்தான் அக்கா” என்பார் அவரும்.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சித் தலைவர் சக்கர நாற்காலி வழங்க வந்தார். மெதுவாட்டம் நடந்துகொண்டிருந்தது, எல்லோர் கையும் பந்து பிடித்திருந்தது, சாந்தாமணியின் இடது கை அன்றைக்குத்தான் முதல்முதலாக நெஞ்சு உயரத்துக்கு வந்து நின்றிருந்தது. போட்டோக்காரர் பார்த்துவிட்டு, “அம்மா, அப்படியே நில்லுங்க, அசையக் கூடாது” என்றார். அசையாமல் நின்றாள். தலைவர் அவள் பக்கத்தில் வந்து நின்று சிரித்தார், சால்வை போட்டார்கள், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார், மிக்சரும் காப்பியும் வந்தது, மற்றவர்கள் கையை உதறிவிட்டுக் காப்பி குடிக்கப் போனார்கள். போதும் என்று சாந்தாமணிக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. பெரிய மனிதர்கள் வந்த இடத்தில் சொல்லாமல் கையை இறக்கலாமா என்று அந்த அப்பாவி நின்றுகொண்டே இருந்தாள். கூட்டம் கலைந்து ஜெபஸ்டின் திரும்பிப் பார்த்தபோது அவள் கைகளுக்கு நடுவில் பந்து இருந்தது.

நாலு மாதக் குழந்தை சுருண்டு படுத்த அளவு. நிறம் இல்லை, ஆனால் அதன் வழியாகப் பார்த்தால் பின்னால் இருந்த ஜன்னல் கம்பி வளைந்து தெரிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது, கனமும் இருந்தது. தோள்பட்டை போன வயசான தறிக்காரர் அர்த்தநாரி காப்பி டம்ளரோடு கிட்ட வந்து, “என்னுங் இது” என்று கையை வைத்தார். வைத்தவர் தோளைச் சுழற்றினார், இன்னொருதரம் சுழற்றினார். “அட, நோவு போயிருச்சுங்” என்றார். அவ்வளவுதான். எப்படிப் போனது, எங்கே போனது என்று ஒருத்தர் கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் குடோன் வாசலில் வரிசை நின்றது.

“முடிப்பு பண்ணணும் அக்கா” என்றார் ஜெபஸ்டின். அவர் முகம் வெளுத்திருந்தது.

சாந்தாமணி தன் இடது கையைப் பார்த்தாள். அஞ்சு விரலும் விரிந்து, உயிரோடு, பந்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. “பண்ணுனா இந்தக் கை நிக்குமுங்களா?”

“தெரியல அக்கா. நிக்கலாம், விழலாம். விழுந்தா மொதல்ல இருந்து தொடங்கலாம்.”

“மறுபடியும் மொதல்ல இருந்தா?” என்றாள் அவள். ஐயோ, அந்த ஒரு கேள்வியில்தான் அவளும் மாட்டிக்கொண்டாள். அதைச் சொல்லாமல் விட்டால் நான் பொய் சொன்னதாக ஆகும். ஆனால் அதோடு சேர்த்து இதையும் சொன்னாள்: “பாப்பாவக் கொண்டாரச் சொல்லுங். இப்ப எனக்கு ரெண்டு கையும் இருக்குது.”

பூங்கோதை குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். வாங்குவதற்கு இடம் இல்லை. “இதை எங்க வெக்கறது?” என்று சாந்தாமணி கேட்க, அவள் புருஷன் செங்கோடன், அவன் கெட்டவன் இல்லை, முதுகு வலியால் தறியில் நிற்க முடியாமல் அன்றைக்கு வரிசையில் அவனும் நின்றவன், பதறிப்போய், “சாமி காரியம் புள்ள, தரையில வெக்கலாமா?” என்றான். தீர்த்தச் சொம்பையும் முளைப்பாரியையும் தரையில் வைக்காத ஊர் அது. ஆமாமா, வைக்கலாமா, வைக்கவே கூடாது என்று வரிசை முழுக்கச் சொன்னது. “இன்னைக்கு வந்த சனம் போயிரட்டும். நாளைக்குத் தூக்கிக்கலாம்” என்றான் செங்கோடன். நாளைக்கும் அதையே சொன்னான்.

அதற்கப்புறம் ஊர் அதைப் பழகிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதைத்தான் சொல்ல வேண்டும். குடோனுக்கு மாவிலைத் தோரணம் கட்டினார்கள், ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்கு ஒரு வரிசை என்று சவுக்குக் கட்டை அடித்தார்கள், சாந்தாமணி சாய்ந்துகொள்ள உயரமான நாற்காலி செய்துபோட்டு, பந்து மடியில் இருக்கும்படி உட்கார்ந்தே தூங்கவைத்தார்கள், பூங்கோதை தலை சீவிவிட்டாள், ஊட்டிவிட்டாள், அவளுக்கு மூக்கு அரித்தால்கூட வேறொருத்தி சொறிந்துவிட்டாள். பந்தம்மா என்று பெயர் வந்தது, பந்தம்மா ஆட்டோ ஸ்டாண்டு வந்தது, பந்தம்மா டெக்ஸ்டைல்ஸ் வந்தது. தறி முதலாளிகள் முதலில் கையெடுத்துக் கும்பிட்டார்கள், பிறகு யோசித்தார்கள், நோவுதான் இல்லையே, ஆளுக்கு இன்னும் ரெண்டு தறி கூடப் பார்த்தால் என்ன என்று கேட்டார்கள், ஷிப்டு முடிந்து எல்லோரும் குடோனுக்கு வந்து பந்தைத் தொட்டுவிட்டு அடுத்த ஷிப்டுக்குப் போனார்கள். தறிக்கொட்டகையில் உட்காருவதற்குப் போட்டிருந்த பெஞ்சைத் தூக்கி வெளியே போட்டார்கள். எலும்பு விரிசல் விட்டது தெரியாமல் தறியில் பாவு உருளையை ஏற்றினார்கள், சாயக் கொதிநீர் பட்டுத் தோல் உரிந்தது தெரியாமல் துணி அலசினார்கள். அர்த்தநாரி ஒரு மத்தியானம் தறியில் சாய்ந்தபடியே செத்துக் கிடந்தார், நெஞ்சு வலி வந்ததே அவருக்குத் தெரியவில்லை. நல்ல சாவு, கொடுத்துவைத்த மனுஷன் என்றார்கள், வெட்கமில்லாமல்.

ஜெபஸ்டின் ஒவ்வொருத்தரிடமும் போய் மல்லுக்கு நின்றார். “வலி வருதுன்னா ஒடம்பு கூப்பிடுதுன்னு அர்த்தம். அந்த வாயை இப்படிப் பொத்தினா எப்படி?” என்றார். சங்கத்துத் தலைவர் அவரை உட்காரவைத்து, “தம்பி, உங்க மெதுவாட்டத்துக்கு இனி ஆரு வரப் போறா? அம்மா இருக்கறப்ப நீங்க எதுக்கு?” என்று மரியாதையாகவே பஸ் ஏற்றிவிட்டார். போகிற அன்றைக்கு அவரும் வரிசையில் நின்றுதான் அவளைப் பார்க்க முடிந்தது. பந்தைத் தொடவில்லை. “மத்தது எல்லாம் மறந்தாலும் முடிப்பை மட்டும் மறந்துராதீங்க அக்கா” என்றார். பின்னால் நின்றவர்கள், பேசினது போதும், நகருங்க என்று தள்ளினார்கள்.

அவள் இறக்கப் பார்க்காமல் இல்லை. ஒருதரம் உள்ளங்கையைத் திருப்பவே திருப்பிவிட்டாள். செங்கோடன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, “அந்தப் பொம்பளையப் பாரு புள்ள, பாத்துட்டு அப்பறம் எறக்கு” என்றான். வரிசையின் முன்னால் குப்பாயி என்பவளைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். வயிற்றில் புற்று, டாக்டர் கைவிட்டது, ராவும் பகலும் அலறி அலறித் தொண்டை போய், பந்தைத் தொட்ட பிறகுதான் அவள் ஒரு வாய் சோறு தின்கிறாள். “எனக்கும் புள்ள இருக்குதுங் சின்னம்மா” என்றாள் சாந்தாமணி அழுதுகொண்டே. குப்பாயி அவள் முழங்காலைத் தடவினாள். “உனக்குத்தான் கை நிக்குதே கண்ணு. என்னைக்கு வேணாலும் தூக்கிக்குவ. நான் இன்னும் எத்தனை நாளைக்கு?” சாந்தாமணி திருப்பிய உள்ளங்கையை மறுபடியும் பந்துக்கு அடியில் கொடுத்தாள். குப்பாயியும் சாகவில்லை, நோவு தெரியாமல் கிடந்தாள். அவளைப் போலவே நியாயமான ஒருத்தர் தினமும் வரிசையில் நின்றார், அதுதான் கொடுமை.

பிள்ளையை வெள்ளிக்கிழமை தோறும் கொண்டுவந்தார்கள். பல் முளைக்கிற நோவு என்று கொண்டுவந்தார்கள், தொட்டது, சிணுங்கல் நின்றது, தூக்கிக்கொண்டு போனார்கள். தடுப்பூசி போட்ட நோவு, காது நோவு, நடை பழகி விழுந்த நோவு. குழந்தை கிட்ட வருகிற அந்த ஒரு நிமிஷம் சாந்தாமணி குனிந்து அதன் உச்சந்தலையை முகர்ந்துகொள்வாள், அதற்கு மேல் அவளால் குனிய முடியாது, பந்து இடிக்கும். பாப்பாவுக்கு விளங்குகிற வயசு வந்ததும் அது அவளைப் பந்தம்மா என்றது.

“அம்மான்னு சொல்லிக் குடு பூங்கோத.”

“சொல்லித்தான் குடுக்கறேன் அக்கா. ஊரே அப்புடிக் கூப்புடுது, பிஞ்சுக்கு என்ன தெரியும்?” என்றாள் பூங்கோதை. அவள் சொன்னதில் பாதி நிஜம். மீதிப் பாதியை அவள் கண்ணே காட்டிக்கொடுத்தது, சாந்தாமணி அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இன்னொன்றும் நடந்தது, அதை ஊரில் யாரும் கவனிக்கவில்லை. சாயப்பாளையத்துக் குழந்தைகள் அழுவதை விட்டுவிட்டன. விழுந்தால் எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, நேரே வரிசைக்குப் போயின. காயத்தை வாயால் ஊதிவிடுவது, இடித்த கல்லை அடிப்பதுபோல் பாவலா காட்டுவது, மடியில் போட்டு முதுகைத் தட்டுவது, இதையெல்லாம் தாய்மார்கள் கொஞ்சங்கொஞ்சமாக மறந்துபோனார்கள். மறக்காதவள் ஒருத்திதான். கை நிறையக் காற்றை வைத்துக்கொண்டு, பிள்ளையை எப்படி வாங்க வேண்டும், தலையை எந்த முழங்கையில் சாய்க்க வேண்டும், எப்படித் தட்ட வேண்டும் என்று வருஷக்கணக்காக மனசுக்குள்ளேயே செய்துபார்த்துக்கொண்டிருந்தாள்.

கௌசிகாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற ஆனியில், ஒரு வெள்ளிக்கிழமை, குழந்தை வரும் வழியில் ஜல்லிக் குவியலில் விழுந்துவிட்டது. பூங்கோதை பின்னால் நடந்துவர, அது முன்னாலேயே வந்து பெண்கள் வரிசையில் நின்றுகொண்டது. முழங்காலில் தோல் சுருண்டு, மண்ணும் ரத்தமும் கலந்து கணுக்கால்வரை வழிந்திருந்தது. முன்னால் நின்றவளின் ஜடையில் இருந்த கிளிப்பைப் பார்த்துக்கொண்டு, முறை வரும்வரை சமர்த்தாகக் காத்திருந்து, வந்ததும் பெரியவர்களைப் போலவே ஒரு கும்பிடு போட்டுவிட்டு, “இங்க வலிக்குதுங் பந்தம்மா. வாங்கிக்கறீங்களா?” என்றது.

சாந்தாமணி அந்த முழங்காலைப் பார்த்தாள், அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு கோணவில்லை, கண் கலங்கவில்லை. இந்தக் குழந்தை அழுது தான் கேட்டது எப்போது என்று யோசித்தாள். பக்கத்துச் சந்தில், தொட்டிலில், தன் ரவிக்கை நனைந்த காலத்தில். என் பிள்ளை என் முன்னாலேயே நின்று, அழக்கூடத் தெரியாமல், கும்பிட்டுக் கேட்கிறதே, நான் யாருக்கு எதைச் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று நெஞ்சு கொதித்தது.

குழந்தையின் விரல் பந்தைத் தொடுவதற்குள் அவள் எழுந்தாள். உள்ளங்கைகளைக் கீழே திருப்பினாள். செங்கோடன், “ஏ புள்ள!” என்று ஓடிவந்தான், சவுக்குக் கட்டை தடுத்தது. மூச்சை விட்டுக்கொண்டே, ஜெபஸ்டின் சொல்லிக்கொடுத்த மாதிரியே, அவசரப்படாமல் கைகளைத் தொப்புள்வரை இறக்கினாள். ஜன்னல் கம்பி நேராகத் தெரிந்தது. பந்து இல்லை.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு வரிசையில் ஒருத்தர் இடுப்பைப் பிடித்தார், இன்னொருத்தர் தோளைப் பிடித்தார், கயிற்றுக் கட்டிலில் குப்பாயி சுருண்டாள், தறிக்கொட்டகைகளில் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன, வருஷக்கணக்கான வலியெல்லாம் அவரவர் வீடு தேடி வந்துசேர, ஊர் முழுக்க ஒரே குரலில் “ஐயோ அம்மா!” என்று கத்தியது. முதலாளி கத்தினார், சங்கத்துத் தலைவர் கத்தினார், செங்கோடன் முதுகைப் பிடித்துக்கொண்டு மண்டிபோட்டுக் கத்தினான். குப்பாயியின் குரல் தனியாகவே கேட்டது. சாந்தாமணிக்கு அது கேட்டது, கேட்டும் அவள் திரும்பவில்லை. சாயப்பாளையமே அன்றைக்கு அம்மா அம்மா என்று கூப்பிட்டது, அவள் பெற்றது மட்டும் கூப்பிடவில்லை.

குழந்தை தன் முழங்காலைக் குனிந்து பார்த்தது. முறை வந்தும் வாங்கிக்கொள்ளாத வலியை என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தது, பிள்ளை அழப் போகிறது என்று தெரிந்தும் பூங்கோதை என்ன செய்வதென்று தெரியாமல் மரமாக நின்றாள். உதடு மெல்லக் கோணியது, தாடை நடுங்கியது.

“சாமி, அம்மாகிட்ட வா. அழுவு சாமி, அழுவலாம், அம்மா தூக்கிக்கறேன்” என்று சாந்தாமணி முட்டிபோட்டுக் கைகளை விரித்தாள். வலது கை விரிந்தது. இடது கை, பெயர் வைத்த அன்றைக்குத் தொங்கின மாதிரியே, சேலை மடிப்போடு தொங்கியது. அவள் தோளைக் குலுக்கிப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள், எழவில்லை.

குழந்தை கண்ணில் நீர் முட்ட, நீட்டியிருந்த கையைப் பார்த்தது, நீட்டாத கையைப் பார்த்தது. ஓர் எட்டு முன்னால் வைத்து, நின்றது.

“அந்தக் கையையும் தூக்குங்க” என்றது.